பூண்டுப் பரணில் ஒரு லேப்டாப்

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைப் படியேறி வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார்." இரண்டாவது வாக்கியம், "கீழ எல்லாம் விழவே இல்ல." இருபத்திரண்டு வருடமாகக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உட்கார்ந்து இந்த இரண்டு பொய்களையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. காபியைக் கொட்டிவிட்டு, ஜன்னல் வழியாக மேகம் புகுந்துவிட்டது என்று சொன்ன காட்டேஜ் மேனேஜரையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் சோலையம்மாள் பொய்யே சொல்லாமல் ஆரம்பித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

"ரெண்டு வருசமா இதத் தொடல தம்பி. அடுப்புக்கு மேல கெடந்துச்சு. இப்ப அமுக்குனா எரிய மாட்டேங்குது."

அன்று ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். மலையின் கோடியில் இருக்கும் கிளாவரையிலிருந்து இருட்டோடு கிளம்பும் பஸ்ஸில் பூண்டு மூட்டையோடு வந்து, சந்தையில் சரக்கைத் தள்ளிவிட்டு, நேராக என் கடைக்கு ஏறியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையைச் சுற்றித் துண்டு. உரச்சாக்கைப் பிரித்து மேசையில் வைத்ததும் கடை முழுக்கப் புகையும் பூண்டும் கலந்த வாசம் பரவியது. பிரிண்டருக்கு மை வாங்க வந்து நின்ற ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப். மூடியெல்லாம் கருப்பேறி, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது.

"அடுப்புக்கு மேலயா? அதுலயே சோறும் பொங்கியிருக்கலாமேம்மா" என்றேன். என் வாய் அப்படி. என் மனைவி தேவசேனா இதற்காகவே என்னைத் திட்டாத நாள் கிடையாது.

அவர் கோபப்படவில்லை. "எங்க பக்கம் அங்கதேன் தம்பி ஈரம் ஏறாது" என்றார்.

அது உண்மை. கிளாவரையில் வருடத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள்தான் குடியிருக்கும். உப்பு கரையும், துணி காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது. வீட்டிலேயே காய்ந்த இடம் அடுப்புக்கு மேலே இருக்கும் பரண் ஒன்றுதான். அடுத்த பட்டத்துக்கான விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அங்கேதான் தொங்கவிடுவார்கள். அடுப்புப் புகை பட்டுப் பட்டு, பூச்சி அண்டாமல், அழுகாமல், விதைக்கிற நாள் வரை கல் மாதிரி கிடக்கும். வீட்டில் கெட்டுப்போகக் கூடாத பொருள் எதுவோ அது பரணுக்குப் போகும். இவர் லேப்டாப்பையும் ஏற்றிவிட்டார்.

"யாரோடது?"

"எம் மகளோடது. நதியா. அவ எங்க இருக்கான்னு இதுல பாத்துச் சொல்லணும்."

என் கை நின்றது. மகளைக் காணோம் என்று அம்மா வந்து நிற்பதும், தங்கச்சியின் போனைத் திறந்து கொடு என்று அண்ணன் வந்து நிற்பதும் எனக்குப் புதிதல்ல. திறந்து கொடுத்துவிட்டு, பிறகு பேப்பரில் என்ன வருமோ என்று பயந்துகொண்டிருக்க என்னால் முடியாது.

"ஓடிப்போச்சா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"கட்டிக்கிருச்சு" என்றார். "காய் ஏத்த வர்ற வண்டி டிரைவரு. பெரும்பாறைப் பக்கம் எஸ்டேட்டுக்காரப் பையன். வேற ஆளுக."

"மொதல்ல இது எரியுதான்னு பாப்போம். அடுத்த ஞாயிறு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எரிந்தாலும் எரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

திங்கட்கிழமை எடுத்து வைத்தேன். சார்ஜரில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பத்தொன்பது வோல்ட் சரியாக வந்தது. பேட்டரி உப்பி, அடிமூடியை முட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தேன். ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடித்தேன். உள்ளே தேங்கின கரண்ட் வடிந்தால் சில மெஷின்கள் எழுந்துகொள்ளும். இது எழவில்லை. ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்து, திரும்பச் செருகினேன். ஒரு சின்ன விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.

பிறகுதான் முழுக்கத் திறந்தேன். விசிறி இறக்கைகளில் கரி எண்ணெய் மாதிரி ஒட்டிக்கிடந்தது. காற்று போகும் ஓட்டையில் பூண்டுச் சருகுகள். போர்டில் செம்பு தெரிந்த இடமெல்லாம் கறுத்து, சில இடங்களில் பச்சையாகப் பொரிந்திருந்தது. ஈரத்துக்குப் பயந்து புகையில் வைத்திருக்கிறார். பூண்டின் காரமும் புகையும் சேர்ந்து இரண்டு வருடமாகச் செம்பைத் தின்றுகொண்டிருந்திருக்கின்றன. பூண்டைக் காப்பாற்றுகிற இடம் லேப்டாப்பைக் கொன்றுவிட்டது. ஈரத்தில் போன மெஷின்கள் என்னிடம் ஆயிரம் வந்திருக்கும். புகையில் போட்டுக் காய வைத்த மெஷினை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோலையம்மாள் வந்தபோது போர்டை ஸ்பிரிட்டில் கழுவிக் காய வைத்திருந்தேன். அவர் எதிரிலேயே கரண்ட் கொடுத்துப் பட்டனை அமுக்கினேன். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒரு நீல விளக்கு எரிந்தது. சோலையம்மாள் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவ்வளவுதான், அணைந்துபோயிற்று. இன்னும் பத்துத் தடவை அமுக்கினேன், வரவில்லை.

"வந்துச்சே தம்பி. நான் பாத்தேனே."

"சாகப்போறதுக்கு முன்னாடி ஒரு முழி முழிக்கும்மா. அதான் இது."

"நான் வச்ச எடந்தேன் தப்போ?"

வேறு யாராக இருந்தாலும், பழைய மெஷின், அதன் காலம் முடிந்தது என்று சொல்லியிருப்பேன். அன்று காலையிலிருந்து கரண்ட் வேறு விட்டு விட்டு வந்து எரிச்சலில் இருந்தேன். "ஆமாம்மா. புகையிலதான் போச்சு. பீரோல வச்சிருந்தாக்கூடப் பொழச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

சோலையம்மாள் திரும்ப உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்து மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னார்:

"அடுப்புல போடுன்னாரு தம்பி எங்க வீட்டுக்காரரு. நான் அடுப்புக்கு மேல போட்டேன். வேற எங்க வச்சாலும் அவரு கண்ணுல பட்டிருக்கும்."

என் நாக்கை அறுத்துப்போடலாம் போலிருந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று மழை பிடித்துக்கொண்டதால் மதியம் பஸ் கிளம்பும் வரை அவர் கடையிலேயே இருந்தார். அவர் வாழ்க்கையை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். நான் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

பிறந்தது கீழ்மலையில், பாச்சலூர். பதினெட்டு வயதில் பொன்னுச்சாமிக்குக் கட்டிக்கொடுத்து மேலே கிளாவரைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வருடம் குளிரில் கைவிரல் வெடித்து, பூண்டு நட முடியாமல் அழுதாராம். பொன்னுச்சாமி விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவிவிட்டிருக்கிறார். நல்ல மனுசன்தான் என்று இரண்டு தடவை சொன்னார். முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. இரண்டாவது, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் வரும் வழியிலேயே வயிற்றில் அடங்கிப்போயிற்று. அப்புறம் ஏழு வருடம் ஒன்றுமில்லை. எட்டாவது வருடம் நதியா.

ஒற்றைப் பிள்ளை. படிக்க வைத்தார்கள். பொன்னுச்சாமி தன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மகளைப் பஸ் ஏற்றிவிட வருவார். இந்த லேப்டாப் வந்த அன்று அதை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியவரும் அவர்தான். கல்லூரி முடித்து வீட்டில் இருந்த பெண், ஒரு நாள் வெள்ளனே எழுந்து, தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரிக் குடத்தோடு போய், குடத்தை ஓடைக்கரையில் வைத்துவிட்டு அந்த வண்டியில் ஏறிவிட்டாள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் உட்கார்ந்து லேப்டாப்பில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாளாம். எங்கே போகிறாள் என்பது அதில்தான் இருக்கும் என்பது சோலையம்மாளின் கணக்கு.

"அப்புறம் தலைமுழுகினோம் தம்பி."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே முழுகியிருக்கிறார்கள். மார்கழி மாதம், விடிகாலை, பங்காளிகள் அத்தனை பேரும் ஓடைக்குப் போய், செத்தவளுக்குச் செய்கிற மாதிரி. முதல் சொம்பைப் பெற்றவள்தான் தன் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன். எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காக. அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்காரு. ஊத்திட்டு வீட்டுக்கு வந்து, பொட்டியத் தூக்கிப் பரண்ல வச்சேன். எவனோ ஒருத்தன் நாங்க முழுகுனதப் போன்ல படம் புடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எல்லார் மேலும்தான். "அப்ப இப்ப எதுக்குத் தேடுறீங்க? மறுபடி ஒரு தடவை முழுகவா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கிருச்சு தம்பி. மூணு மாசமாச்சு. பேச்சு இல்ல. ரொம்ப நாளு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இடது கையால பரணக் காட்டிக்கிட்டே கெடக்காரு. பூண்டத்தேன் கேக்காருன்னு ஒரு கொத்த எறக்கிக் காட்டுனேன். தலைய ஆட்டுறாரு. அடுத்த கொத்த எறக்குனேன். அதுக்கும் ஆட்டுறாரு. எல்லாத்தயும் எறக்குன பெறகு இந்தப் பொட்டிதேன் மிச்சம் இருந்துச்சு. அதப் பாத்ததும் அழுதாரு."

இரண்டு வருடமாகப் பொன்னுச்சாமிக்குத் தெரியும். அந்த அடுப்புக்கு எதிரேதான் தினமும் உட்கார்ந்து குளிர்காய்ந்திருக்கிறார், அங்கேயேதான் சாப்பிட்டிருக்கிறார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"வெரசாப் பாத்துக் குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

போர்டை விட்டுவிட்டேன். அது பிணம். எனக்கு வேண்டியது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதைத் தனியாகக் கழற்றி, என் மெஷினில் ஒரு கேபிள் வழியாக மாட்டினேன். சுற்றவே இல்லை. திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் இருந்த பச்சைத் தகட்டின் பற்களும் கறுத்திருந்தன. மறுபடியும் அதே பள்ளிக்கூட ரப்பர். தேய்த்து, ஊதி, மாட்டினேன். புதன்கிழமை சாயங்காலம் டிஸ்க் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

கல்லூரி நோட்ஸ், நாலைந்து சினிமா, பூண்டுச் செடிக்கு நடுவில் அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிற படங்கள். கடைசியாகச் சேமித்த ஃபைலைத் தேடினேன். ஓடைக்கரையில் குடம் வைத்த நாளுக்கு முந்தின நாள் தேதி. வேலைக்கு அனுப்புகிற பயோடேட்டா. திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனி ஆபீசுக்காகத் தயார் செய்தது. அப்பா பெயர், பொன்னுச்சாமி, விவசாயம். அம்மா பெயர் சோலையம்மாள். கீழே ஒரு போன் நம்பர். சோலையம்மாள் எனக்குக் காட்டியிருந்த, இப்போது வேலை செய்யாத பழைய நம்பர் இல்லை, புதிது.

மூன்று நாள் அந்த நம்பரை வைத்துக்கொண்டு மண்டையைக் குடைந்தேன். டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. தேவசேனாவிடம் கேட்டேன். "நம்பரைக் கையில குடுக்காதீங்க. நீங்களே போட்டுக் குடுங்க. அந்தப் பொண்ணு பேசுனா பேசட்டும், இல்லன்னா வச்சுரட்டும்" என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் சோலையம்மாள் நம்பரைக் கேட்கவில்லை. "நீங்களே பேசிக் குடுங்க தம்பி, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றார். கடைக் கதவைச் சாத்திவிட்டு, என் போனில் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"யாருங்க?" பெண் குரல். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

நான் என் பெயர், கடை எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சோலையம்மாள் போனுக்கு மேல் குனிந்துவிட்டார்.

"நதியா... ஏத்தா, நாந்தேன். அம்மா பேசுறேன். அப்பா படுத்துட்டாரு ஆத்தா. ஒரு பக்கம் வெளங்கல. பேச்சு இல்ல. ரொம்ப நாளு இருக்க மாட்டாருன்னு சொல்லுறாக. உன்னத்தேன் கேக்காரு. ஒரே ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போயிரு. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாக. நான் பாத்துக்கிறேன்..."

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் அழுதது. பிறகு அதுவும், யாரோ தூக்கித் தோளில் போட்டுக்கொண்ட மாதிரி, மெல்ல அடங்கியது.

"நதியாவா?" என்றது குரல். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "அந்தப் புள்ள செத்துப்போச்சுங்களே. ரெண்டு வருசமாச்சு. ஊரே ஓடையில எறங்கித் தலைமுழுகுச்சு. வீடியோ எனக்கும் வந்துச்சு, பாத்தேன். மொதச் சொம்பு ஊத்துனது அவங்க அம்மாதான். உங்களுக்குத் தெரியாதாங்க?"

போன் கட்டாகிவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் சொல்ல ஏதாவது வார்த்தை இருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் பாஷைதான். "லைன் கட்டாயிருக்கும். மறுபடி போடவா?" என்றேன்.

"வேணாம் தம்பி" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். "கொழந்த சத்தம் கேட்டுச்சுல்ல? பாலுக்கு அழல அது. தூக்கத்துக்கு அழுதுச்சு."

"ஆமாம்மா."

கடைக் கதவுக்கு வெளியே யாரோ தட்டிவிட்டு, பூட்டியிருப்பதாக நினைத்துப் போய்விட்டார்கள். சோலையம்மாள் மேசையில் பிரித்துப் போட்டிருந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போர்டு ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கம், ஸ்க்ரூ எல்லாம் ஒரு பாட்டில் மூடியில்.

"இத எல்லாம் பூட்டி முன்ன மாதிரியே ஆக்கிக் குடுப்பீகளா தம்பி?"

"பூட்டலாம். ஓடாதும்மா. சொன்னேனே, செத்துப்போச்சு."

"ஓட வேணாம். பாக்குறதுக்கு முழுசா இருந்தாப் போதும்." உரச்சாக்கை எடுத்து உதறினார். "சாயங்காலம் நான் போய் எறங்குனதும் அவரு என் கையத்தேன் பாப்பாரு. ரெண்டு வாரமா அப்படித்தேன் பாக்காரு. அவ வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு அவர்ட்ட எப்படிச் சொல்லுறது? பொட்டி எரியலன்னு சொல்லிருவேன். நம்ப மாட்டாரு. அந்த இடது கைய எடுத்து அவரையே அமுக்கிப் பாக்கச் சொல்லுவேன்."

நான் பூட்ட ஆரம்பித்தேன். போர்டை வைத்தேன், விசிறியை வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் காட்டி, "இது?" என்று கேட்டேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. பத்திரமா வையிங்க. புகை படாத எடமா" என்றார். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

கீழ்மூடியை வைக்கப்போகும்போது அவர் என் கையைப் பிடித்தார். அந்தக் கையிலும் பூண்டு வாசம் அடித்தது.

"போன வாரம் ரெண்டு சுத்துச் சுத்துச்சே. நீல லைட்டு வந்துச்சே. அவரு அமுக்கும்போது அப்படி வந்துராதுல்ல?"

அதுவரை நான் அதை நினைக்கவில்லை. சார்ஜரைச் செருகினால் வரலாம். இந்த மாதிரி போர்டுகளைச் சொல்ல முடியாது. கிளாவரையில் ஒரு கட்டிலில், ஒற்றைக் கையால் ஒரு மனிதர் அமுக்க, அந்த நீல விளக்கு ஒரு விநாடி எரிந்தாலும் போதும், அவர் சாகிற வரை அதற்காகக் காத்துக்கிடப்பார். மூடியைத் திரும்ப எடுத்தேன். பவர் பட்டனிலிருந்து போர்டுக்குப் போகிற பட்டை ஒயரைப் பிடுங்கி, கத்தரியால் இரண்டாக வெட்டினேன். அறுபட்ட துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இனிமே வராதும்மா" என்றேன்.

சோலையம்மாள் அந்த ஒயரைத் தலைத்துண்டின் முனையில் முடிந்துகொண்டார். நான் பதினோரு ஸ்க்ரூவையும் முறுக்கி முடித்து, மூடியைத் துடைத்து, சார்ஜரோடு உரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கினார்.